ஓநாய்மனிதர் சண்டைப்படத்தை எடைபோடுவது எப்படி: ‘டாக் சோல்ஜர்ஸ்’ படத்தை முன்வைத்து

ஓநாய்மனிதர் படங்களில் இரண்டு வகை உண்டு. ஒன்றில், பௌர்ணமி நெருங்க நெருங்க ஒருவன் தன் உடம்பைக் கண்டே நடுங்குவான். மற்றொன்றில், ஓநாய்களை எதிர்த்துச் சிலர் துப்பாக்கி ஏந்தி நிற்பார்கள். முதல் வகையைப் பற்றிப் பேச எல்லோருக்கும் சொற்கள் கிடைக்கின்றன. இரண்டாவது வகையைப் பார்த்துவிட்டு வருபவர்கள் “விறுவிறுப்பாக இருந்தது” என்பார்கள், அல்லது “வெறும் சத்தம்” என்பார்கள். பேச்சு அதோடு முடிந்துவிடும். எது நன்றாக இருந்தது, எது சறுக்கியது, ஏன் என்று சொல்ல விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

படத்தொகுப்பு என் தொழில். விளம்பரங்களுக்கும் குறும்படங்களுக்கும் வேலை செய்கிறேன். வார இறுதிகளில் சில மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். சண்டைக் காட்சிகளைப் பற்றிய பாடம் வரும்போது நான் எப்போதும் எடுத்துக்கொள்ளும் படம், 2002-இல் வெளிவந்த பிரிட்டிஷ் படமான ‘டாக் சோல்ஜர்ஸ்’. நீல் மார்ஷல் எழுதி, இயக்கி, தானே தொகுத்த படம் இது. அவருக்கு இதுதான் முதல் முழுநீளப் படம். கதை ஸ்காட்லாந்தின் மலைக்காடுகளில் நடக்கிறது. படப்பிடிப்பின் பெரும்பகுதி லக்சம்பர்க் நாட்டில் நடந்தது. பயிற்சிக்காகக் காட்டில் இறக்கிவிடப்படும் ஒரு சிறு ராணுவக் குழு ஓநாய்மனிதர்களிடம் சிக்கி, தனித்து நிற்கும் ஒரு பண்ணை வீட்டுக்குள் புகுந்து, விடியும்வரை தாக்குப்பிடிக்கப் போராடுகிறது. இவ்வளவுதான் கதை. சிறிய படம், சிறிய பணம், நிறையச் சண்டை. நல்லதும் கெட்டதும் வெளிப்படையாகத் தெரிவதால் பழகுவதற்கு இதைவிடப் பொருத்தமான படத்தை நான் பார்த்ததில்லை. முடிவு உட்பட எல்லாவற்றையும் கீழே சொல்லப்போகிறேன். பார்க்காதவர்கள் முதலில் பார்த்துவிட்டு வாருங்கள், 105 நிமிடம்தான்.

பார்ப்பதற்கு முன் ஒரு விஷயம். இது 16 மி.மீ. ஃபிலிமில் எடுக்கப்பட்ட இரவுப் படம். பழைய பிரதிகளில் கறுப்பெல்லாம் கலங்கிக் கிடக்கும். அசல் கேமரா நெகடிவிலிருந்து பின்னாளில் புதுப்பித்த 4கே பிரதியில் அதே காட்சிகளில் முகங்கள் தெரிகின்றன, மரங்கள் தெரிகின்றன. “இருட்டில் ஒன்றும் புரியவில்லை” என்று குறை எழுதுவதற்கு முன், எந்தப் பிரதியைப் பார்த்தீர்கள் என்று கவனியுங்கள். பகல் வெளிச்சம் விழும் கூடத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு ஒளிப்பதிவாளர் சாம் மெக்கர்டி மீது பழிபோடுவது நியாயம் இல்லை.

முதல் முறை எதையும் குறிக்காமல் பாருங்கள். எங்கே பயந்தீர்கள், எங்கே கைப்பேசியை எடுத்தீர்கள் என்பது மட்டும் நினைவில் இருந்தால் போதும். இரண்டாம் முறை தாளும் பேனாவும் வேண்டும்.

விதிகளை எழுதுங்கள்

ஓநாய்மனிதர் படம் ஒவ்வொன்றும் தனக்கென்று விதிகளை வகுத்துக்கொள்கிறது. இந்தப் படம் அவற்றை எப்படிச் சொல்கிறது என்று கவனியுங்கள். தொடக்கத்தில் காட்டில் கூடாரம் போட்டிருக்கும் ஒரு ஜோடி. அவள் அவனுக்குக் கடிதம் பிரிக்கும் வெள்ளிக் கத்தி ஒன்றைப் பரிசளிக்கிறாள். சற்று நேரத்தில் கூடாரத்தின் ஜிப் வெளியிலிருந்து மெதுவாகத் திறக்கிறது. அந்தக் கத்தி படத்தின் கடைசிச் சண்டையில் திரும்ப வருகிறது. வெள்ளிதான் கொல்லும் என்று யாரும் நமக்குப் பாடம் நடத்தவில்லை. ஒரு பரிசுப் பொருள் அந்த வேலையைச் செய்துவிடுகிறது. சாதாரணத் தோட்டா ஓநாயைத் தடுக்கும், கொல்லாது என்பதைச் சண்டையே காட்டுகிறது. கடிபட்டவனின் காயம் அளவுக்கு மீறிய வேகத்தில் ஆறினால் அவனும் மாறப்போகிறான் என்பது மூன்றாவது விதி. சார்ஜன்ட் வெல்ஸின் வயிறு கிழிந்து குடல் வெளியே வருகிறது. அதை உள்ளே தள்ளி, சூப்பர் குளூ போட்டு ஒட்டுகிறார்கள். பிறகு அவர் எழுந்து நடக்கும்போது நமக்கு நிம்மதி வருவதற்குப் பதிலாக வயிறு கலங்குகிறது. குணமடைவதையே கெட்ட செய்தியாக மாற்றிவிட்ட இந்த யோசனை, படத்தின் பெரிய பலங்களில் ஒன்று.

விதிகளை எழுதிய பிறகு, படம் அவற்றை எங்காவது மீறுகிறதா என்று பாருங்கள். இந்தப் படம் பெரும்பாலும் மீறவில்லை. மீறும் படங்களில், எந்த நிமிடத்தில் மீறியது என்று குறித்துக்கொள்ளுங்கள். விமர்சனத்தில் அந்த ஒரு வரிக்கு இருக்கும் பலம், “லாஜிக் இல்லை” என்ற பொதுப் புகாருக்குக் கிடையாது.

செலவுக் கணக்கு

நான் மிகவும் நம்பும் முறை இது. சண்டையும் பயமும் ஒன்றாக வாழ்வது கடினம். துப்பாக்கி வெடிக்கத் தொடங்கியதும் பார்ப்பவருக்குத் தெம்பு வந்துவிடுகிறது, பயம் போய்விடுகிறது. அதைத் தடுக்க ஒரே வழி, ஒவ்வொரு சண்டையிலும் ஏதாவது ஒன்று தீர்ந்துபோக வேண்டும். ஆகவே தாளில் கோடு போட்டு ஆட்கள், தோட்டா, வாகனம், கதவு ஜன்னல், விடிய இருக்கும் நேரம் என்று பத்தி பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மோதல் முடிந்ததும் படத்தை நிறுத்தி, எது குறைந்தது என்று எழுதுங்கள்.

‘டாக் சோல்ஜர்ஸ்’ இந்தக் கணக்கில் பெரும்பாலும் அபாரமாகத் தேறுகிறது. குழுவினர் பயிற்சிக்கு வந்தவர்கள் என்பதால் அவர்களிடம் இருப்பது வெற்றுத் தோட்டாக்கள். உண்மையான தோட்டாக்கள் அவர்களுக்குக் கிடைப்பதே, சிதைக்கப்பட்டுக் கிடக்கும் சிறப்புப் படையின் முகாமிலிருந்துதான். அதாவது, நம்மைவிடப் பலசாலிகள் தோற்ற இடத்திலிருந்து எடுத்துவந்த ஆயுதம். கையில் துப்பாக்கி ஏறும் கணத்திலேயே நம்பிக்கை இறங்கிவிடுகிறது. பிறகு அவர்களை ஏற்றிவந்த லேண்ட் ரோவர் போகிறது. டெர்ரி என்ற சிப்பாய் ஜன்னல் வழியே இழுத்துச் செல்லப்படுகிறான். களஞ்சியத்தில் இருந்த இன்னொரு வண்டியை எடுக்கப் போன ஜோ திரும்பவில்லை. ஸ்பூன் என்ற சிப்பாய் சமையலறையில் கையில் அகப்பட்ட பாத்திரத்தாலும் கத்தியாலும் ஓநாயோடு மோதுகிறான். தோட்டா தீர்ந்த இடத்தில் இப்படி ஒரு சண்டையை வைத்ததால்தான் அது ஆட்டமாகத் தோன்றாமல் உயிர்ப்போராட்டமாகத் தோன்றுகிறது. கடைசியில் வெல்ஸ் எரிவாயுவைத் திறந்துவிட்டு வீட்டையே வெடிக்கச் செய்கிறார். அவர்களிடம் மிச்சமிருந்த கடைசிச் சொத்து அந்த வீடுதான். அதுவும் செலவுப் பத்தியில் ஏறுகிறது. தொகுப்பாளராகச் சொல்கிறேன், இப்படி ஒழுங்காகச் செலவழியும் திரைக்கதை கையில் வந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

குறையும் இதே தாளில் தெரியும். தோட்டாவின் பத்தியை மட்டும் மற்றவை போல நிரப்ப முடியாது. குறைவாக இருக்கிறது என்று வசனம் சொல்கிறது, அடுத்த தாக்குதலில் எல்லோரும் தாராளமாகச் சுடுகிறார்கள். நடுப்பகுதியில் வரும் முற்றுகைகளில் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் வேறுபாடு மங்குவது இதனால்தான். எனக்குச் சலிப்பு தட்டும் நிமிடங்களை என் தாளோடு ஒப்பிட்டபோது, எதுவும் குறையாத மோதல்களும் அவையும் ஒரே இடத்தில் விழுந்தன. உங்கள் தாளிலும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

வீட்டின் வரைபடம்

முற்றுகைப் படம் என்றால் கட்டாயம் வரைபடம் போட வேண்டும். இந்தப் படத்திலேயே ஸ்பூன் தங்கள் நிலையை ரோர்க்ஸ் டிரிஃப்ட் போருடன் ஒப்பிட்டு உற்சாகப்படுகிறான். 1879 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவில், சுமார் 150 பேர் கொண்ட பிரிட்டிஷ் காவல்படை ஆயிரக்கணக்கான ஜூலு வீரர்களை எதிர்த்து நின்ற இடம் அது. சிறு இடத்துக்குள் அடைபட்டவர்களின் கதையில் சுவர் எங்கே, வாசல் எங்கே என்பது நமக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். அப்போதுதான் ஒரு கதவு உடையும்போது, அடுத்து ஆபத்து யாரை நெருங்கும் என்று நமக்கே தெரியும். பயம் அந்த அறிவிலிருந்து பிறக்கிறது.

வகுப்பில் ஒரு மாணவி கையைத் தூக்கி, “அக்கா, இந்த வீட்டுக்குப் பின்கதவு எந்தப் பக்கம்?” என்று கேட்டாள். நான் பதில் சொல்லாமல் எல்லோரையும் நினைவிலிருந்து வீட்டை வரையச் சொன்னேன். சமையலறை, மாடிப்படி, மேல்மாடி அறைகள், தரைக்கு அடியில் நிலவறை ஆகியவை எல்லோருடைய தாளிலும் ஏறக்குறைய சரியாக வந்தன. ஜன்னல்கள் மட்டும் ஆளுக்கொரு பக்கம் இருந்தன. இதை அப்படியே மதிப்பீடாக எழுதலாம். செங்குத்தாக, அதாவது மேலிருந்து கீழே, படம் வீட்டைத் தெளிவாகக் காட்டியிருக்கிறது. அதனால்தான் கடைசியில் நிலவறைக்குள் இறங்குவது பலமாக விழுகிறது. கிடைமட்டமாக, எந்தப் பக்கத்துச் சுவரில் கை நுழைகிறது என்பது குழப்பமாக இருக்கிறது. ஜன்னல் வழியே நகங்கள் பாயும் ஷாட்களை எந்த வரிசையில் மாற்றி வைத்தாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. மாற்றி வைக்க முடிகிற ஷாட்கள் பார்வையாளரைத் திடுக்கிட வைக்கலாம், கவலைப்பட வைக்காது.

ஒலியை முழுவதும் அடைத்துவிட்டு ஒரு முற்றுகைக் காட்சியை மட்டும் மீண்டும் ஓட்டிப் பாருங்கள். யார் எங்கே நிற்கிறார்கள் என்று புரிந்தால் காட்சி தேறியது. பிறகு படத்தை மறைத்து ஒலியை மட்டும் கேளுங்கள். துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவே இடைவெளி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இந்தப் படத்தில் இருக்கிறது.

மிருகத்தை எவ்வளவு நேரம் காட்டுகிறார்கள்

இங்கே ஓநாய்கள் கணினியில் உருவானவை இல்லை. பாப் கீனின் குழு செய்த உடைகளும் இயந்திரத் தலைகளும்தான். உள்ளே இருப்பவர்கள் பொய்க்கால்களில் நின்றார்கள். ஆகவே அந்த உருவங்கள் ஒல்லியாக, தலை கூரையில் இடிக்கும் உயரத்தில் நிற்கின்றன. சாதாரணப் பண்ணை வீட்டுச் சமையலறையில் அவ்வளவு உயரமான ஒன்று குனிந்து நுழையும்போது அறையே சுருங்கிவிடுகிறது. நடிகர்கள் எதிரில் உண்மையாகவே ஏதோ நிற்கிறது. அவர்கள் பார்வை சரியான இடத்தில் பதிகிறது. பணம் கொட்டிய பல கணினி ஓநாய்களுக்கு இந்தக் கனம் வாய்க்கவில்லை.

பொய்க்காலில் நிற்கும் ஆளால் ஓட முடியாது, தாவ முடியாது. முகமும் அதிகம் அசையாது. அதற்கு மருந்தாகத் தொகுப்பில் வேகம் கூட்டியிருக்கிறார்கள். எனவே ஓநாய் முழு உடலாகத் தெரியும் ஷாட்களைத் தேடி, ஒவ்வொன்றும் எத்தனை நொடி நிற்கிறது என்று குறியுங்கள். கட், அதாவது ஒரு ஷாட்டை வெட்டி அடுத்ததற்குத் தாவும் இடம், எதையாவது சொல்கிறதா, மறைக்கிறதா என்று ஒவ்வொன்றிலும் கேளுங்கள். காட்டில் நடக்கும் முதல் துரத்தலில் மறைப்பதே சரி; சிப்பாய்களுக்குத் தெரியாதது நமக்கும் தெரியக் கூடாது. ஓநாயின் கண் வழியே வரும் நிறம் வற்றிய ஷாட்களும் அங்கே நன்றாக வேலை செய்கின்றன, உடையைக் காட்டாமலே அருகில் இருக்கிறது என்று சொல்லிவிடுகின்றன. வீட்டுக்குள் வந்த பிறகு, எதிரியை அறிந்துவிட்ட பிறகும் அதே வேகத்தில் வெட்டும்போது, உடையின் குறையைத்தான் மறைக்கிறார்கள் என்று தெரிந்துவிடுகிறது.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது உருமாற்றம். கேப்டன் ரயன், ஓநாயை உயிரோடு பிடிக்க வந்தவன், இந்தக் குழுவையே தூண்டிலில் மாட்டிய இரையாகப் பயன்படுத்தியவன். அது வெளிப்படும் காட்சியில் லியம் கன்னிங்ஹாம் அருமையாக நடிக்கிறார். அதன் உச்சத்தில் அவன் மாறுகிறான். ஆனால் மேசைக்குப் பின்னால் சரிந்து விழுந்து, பார்வைக்கு எட்டாமல் மாறி, ஓநாயாக எழுகிறான். செலவு மிச்சம், வேகமும் கெடவில்லை. ஆனால் அவன் உடம்பு படும் பாட்டை நாம் பார்க்கவில்லை. 1981-இல் வந்த ‘ஆன் அமெரிக்கன் வேர்வுல்ஃப் இன் லண்டன்’ படத்தில் ரிக் பேக்கர் செய்த உருமாற்றம் விளக்கு எரியும் வீட்டுக் கூடத்தில், முழு வெளிச்சத்தில், எலும்பு எலும்பாக நீள்கிறது. சிறந்த ஒப்பனைக்கான ஆஸ்கர் விருது நிலையான பிரிவாக ஏற்பட்டபோது அதை முதலில் பெற்றது அந்தப் படம்தான். அந்த அளவு வேண்டும் என்று சிறு படத்திடம் கேட்க மாட்டேன். ஒரு கை, ஒரு தோள், ரயனின் முகத்தில் ஒரு கணம் பயம், இவை போதும். சண்டைப்படத்தில் உருமாற்றம்தான் எதிரியும் மனிதன் என்று நமக்கு நினைவூட்டும் ஒரே இடம். அதை மேசைக்குப் பின்னால் தள்ளிவிட்டால் மிச்சம் இருப்பது சுட வேண்டிய ஒரு விலங்கு.

ஆட்களைப் பிரித்தறிய முடிகிறதா

ஒரே சீருடை, சேறு பூசிய முகம், இருட்டு. படம் முடிந்ததும் சிப்பாய்களின் பெயர்களை எழுதி, ஒவ்வொருவருக்கும் எதிரே ஒரு குணம் எழுதுங்கள். நடிகரின் தோற்றத்தை எழுதக் கூடாது. ஷான் பெர்ட்வீயின் வெல்ஸ், கெவின் மெக்கிட்டின் கூப்பர், ஸ்பூன் மூவரும் எளிதில் வருவார்கள். நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து, போரில் இறந்த நண்பனைப் பற்றி வெல்ஸ் சொல்லும் கதை அவருக்கு ஒரு கடந்த காலத்தைக் கொடுத்துவிடுகிறது. ஜோவுக்கு இங்கிலாந்து–ஜெர்மனி கால்பந்து ஆட்டத்தைப் பார்க்க முடியாத ஆதங்கம். 2001 செப்டம்பர் 1 அன்று மியூனிக்கில் இங்கிலாந்து 5–1 என்று வென்ற ஆட்டம் அது. இறுதியில் காட்டப்படும் செய்தித்தாளில் அந்த எண்ணிக்கையும் இருக்கிறது. அவன் தெரிந்துகொள்ளாமலே போய்விட்டான் என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் உறைக்கிறது. டெர்ரிக்கும் புரூஸுக்கும் எதிரே என் மாணவர்களில் பெரும்பாலோர் ஒன்றும் எழுதவில்லை. அவர்கள் இறக்கும் விதம்தான் நினைவிருந்தது.

மேகன் இதைவிடப் பெரிய குறை. குழுவைக் காப்பாற்றி வீட்டுக்கு ஏற்றிவருபவள் அவள்தான். அவளும் அந்த ஓநாய்க் குடும்பத்தைச் சேர்ந்தவள் என்பது பிற்பகுதியில் வெளிவருகிறது. எந்தத் துரோகத் திருப்பத்தையும் சோதிக்க ஒரு வழி, உண்மை தெரிந்த கண்ணோடு அவள் வரும் காட்சிகளை மட்டும் மறுபடி பார்ப்பது. முன்பாதி தேறும்: களஞ்சியத்தில் ஓநாய்கள் இருப்பதாக அவள் சொல்வதும், அதை நம்பி அவர்கள் இழப்பதும் மறுபார்வையில் கனம் பெறுகின்றன. ஆனால் உண்மை வெளிப்படும் இடத்தில் அவளுடைய மொத்த வாழ்க்கையும் ஒரு விளக்க வசனத்துக்குள் அடைக்கப்பட்டு, சில நிமிடங்களில் அவள் கதை முடிந்துவிடுகிறது. தங்கள் வீட்டைத் தாங்களே முற்றுகையிட்டு நிற்கும் குடும்பம், அதன் நடுவே விடுதலை தேடிய ஒரு பெண். இதை வைத்து இன்னொரு பத்து நிமிடம் எழுதியிருக்கலாம். எம்மா கிளீஸ்பியால் அதைத் தாங்கியிருக்கவும் முடியும்.

சுட மறுக்கும் காட்சி

சண்டைப்படத்தில் சண்டை இல்லாத காட்சிகளைத் தனியாக மதிப்பிடுங்கள். இந்தப் படத்தின் மிகச் சிறந்த காட்சியில் ஓநாயே இல்லை. வடக்கு வேல்ஸில் சிறப்புப் படைக்கான தேர்வில், ஒரு நாயைச் சுடும்படி ரயன் கூப்பருக்கு உத்தரவிடுகிறான். காரணமில்லாமல் ஒரு நாயைக் கொல்ல மாட்டேன் என்று கூப்பர் மறுக்கிறான். ரயன் தானே சுட்டுவிட்டு அவனை நிராகரிக்கிறான். இதற்குப் பிறகு கூப்பர் எத்தனை தோட்டா சுட்டாலும், அவன் கொல்வதை விரும்பாதவன் என்பது நமக்குத் தெரியும். அந்த அறிவு பின்னால் வரும் ஒவ்வொரு வெடிச்சத்தத்துக்கும் பொருள் தருகிறது. கடைசியில் நிலவறையில் கூப்பரும், ஓநாயாகிவிட்ட ரயனும் மோதும்போது அந்தச் சண்டைக்கு ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. பண்ணை வீட்டு நாய் சாம் பிழைத்து கூப்பரோடு வெளியே வருகிறது. இதை எண்ணிப்பார்த்து எழுதிய கையை நான் மதிக்கிறேன்.

எழுதும்போது

பலங்களை ஒரு பத்தியிலும் பலவீனங்களை ஒரு பத்தியிலும் பிரித்து எழுதாதீர்கள். இந்த வகைப் படங்களில் இரண்டும் பெரும்பாலும் ஒரே முடிவிலிருந்து பிறக்கின்றன. முடிவைச் சொல்லி, அதனால் கிடைத்ததையும் போனதையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். “உண்மையான உடைகளைப் பயன்படுத்தியதால் ஓநாய்களுக்குக் கனம் கிடைத்தது, அவற்றால் வேகமாக நகர முடியாததால், வீட்டுக்குள் நடக்கும் சண்டைகள் துண்டு துண்டாகிவிட்டன.” “உருமாற்றத்தை மறைத்ததால் வேகம் கெடவில்லை. ரயனின் முடிவில் இருக்க வேண்டிய வலி கிடைக்கவில்லை.” இப்படி ஐந்தாறு வாக்கியம் தேறினால் விமர்சனம் தயார். கதை எளிமையானது என்பதைக் குறையாக எழுதாதீர்கள். முற்றுகைக் கதை எளிமையாகத்தான் இருக்கும். ஓநாய்கள் எங்கிருந்து வந்தன என்று விளக்கவில்லை என்பதும் குறை ஆகாது.

கை பழகியதும் இதே தாளை 2003-இல் வந்த ‘அண்டர்வேர்ல்ட்’ படத்துக்குப் போடுங்கள். அங்கே ரத்தக் காட்டேரிகள் வெள்ளித் தோட்டாவால் ஓநாய்மனிதர்களைச் சுடுகின்றன, அவர்கள் புற ஊதா ஒளி நிரம்பிய தோட்டாவால் திருப்பிச் சுடுகிறார்கள். மூத்த ஓநாய்களுக்குப் பௌர்ணமியே தேவையில்லை. செலவுக் கணக்கில் பல பத்திகள் காலியாகவே நிற்கும், பயமும் இருக்காது. அந்தக் காலி இடங்களை மட்டும் வைத்துப் படத்தைத் தள்ளிவிடாமல், இரு இனங்களுக்கு நடுவே இருக்கும் பழைய பகை, நீலம் தோய்ந்த நகரம், உடைகள் ஆகியவற்றுக்குப் புதுப் பத்திகள் போட்டு நிரப்புங்கள். அந்தப் படம் எதற்காக ஆசைப்பட்டது என்பது அங்கேதான் இருக்கிறது.